ஷட்டர்க்காரர் கை

என் அக்காவைக் கட்டியவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு ஆளை அறைந்துகொண்டிருந்தார்.

மன்னார்குடி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை. பொங்கலுக்குத் துணி எடுக்க அப்பா, அக்கா, நான் மூவரும் போயிருந்தோம். கடை ஷட்டர் பாதியில் நின்றதால் எல்லோரையும் வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஏணி மேல் நின்ற ஒரு ஒல்லியான ஆள், ஷட்டருக்கு மேலே இருந்த குழாயில் முழங்கை நீளக் கம்பியைச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தார். கடை முதலாளியின் மச்சான் ஏணிக்கு நேர் எதிரே வந்து அண்ணாந்து நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்றார்.

ஏணியில் இருந்தவர் வலது கை கம்பியில் இருக்க, குனிந்து இடது கையால் அந்த ஆளின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். பருத்த ஆள் பக்கவாட்டில் போய் விழுந்தார். அதே நொடியில் கம்பி கையை மீறிச் சுழன்று பறந்து, அந்த ஆளின் முகம் இருந்த உயரத்தில் பாய்ந்து, உள்ளே இருந்த கண்ணாடி அலமாரியை உடைத்துக்கொண்டு துணிக்கட்டில் குத்தி நின்றது.

பிறகு முதலாளியே ஒரு டீயை வாங்கிக்கொண்டு வந்து ஏணியில் இருந்தவரிடம் நீட்டினார்.

அப்பா அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் கூலிக்கு அறுப்பறுக்கிறவர்கள். வரப்பில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததற்காக எங்கள் ஆள் ஒருவரை மரத்தில் கட்டி வைத்து அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாங்கள் அடி வாங்கத் தெரிந்தவர்கள். எங்களைப் போன்ற ஒருத்தன் கடை முதலாளியின் மச்சானை அறைந்துவிட்டு, அவர்கள் கையாலேயே கண்ணாடி கிளாசில் டீ வாங்கிக் குடிக்கிறான். அப்பா மெதுவாக ஏணிக்குப் பக்கத்தில் போய், "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார்.

அடுத்த ஆவணியில் அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது.

ஊரில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'ஷட்டர்க்காரர்' என்றால் பட்டுக்கோட்டை, பேராவூரணி கடைத்தெருவெல்லாம் தெரியும். வலது கை கம்பிக்கு, இடது கை ஆளுக்கு என்று அவரைப் பற்றிக் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் 'மாமா' என்பேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பட்டுக்கோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

வாடகை வீடு. வாசல் நடையில் சாக்கை விரித்து அதன் மேல் ஸ்பிரிங்குகளைப் பரப்பி வைத்துத் துடைப்பார். இரும்பிடம் அவருக்கு அவ்வளவு பொறுமை. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு சுற்றாகத் துடைத்து, விரல் நகத்தால் வருடிப் பார்ப்பார். கீறல் இருந்தால் நகத்துக்குத் தெரிந்துவிடும்.

"ஷட்டரை நாம தூக்குறோம்னு நினைக்கிறோம் புள்ள. தூக்குறது ஸ்பிரிங். இறக்கும்போது முறுக்கு ஏறும். ஏத்தும்போது அந்த முறுக்குதான் தூக்கிவிடும். ஸ்பிரிங் போயிட்டா அது வெறும் இரும்பு. நாலு மூட்டை நெல்லு எடை இருக்கும்."

"எல்லா ஷட்டருக்கும் ஒரே ஸ்பிரிங்தானா மாமா?"

"சின்னக் கடைன்னா பட்டை ஸ்பிரிங். கடிகாரத்துக்குள்ள இருக்குமே, அது மாதிரி டப்பாக்குள்ள சுருண்டு கெடக்கும். டப்பாவை அவசரப்பட்டுத் திறந்தா மூஞ்சியக் கிழிச்சிரும். குடோனுக்குக் கம்பிச் சுருள், குழாய் நீளத்துக்கு இருக்கும். அது கம்பியைச் சுழட்டி மண்டையைப் பொளக்கும். மிராசு வீட்டுக் கார் ஷெட்டுக் கதவுல ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருப்பான். அறுந்தா சாட்டை மாதிரி வரும்."

எந்த ஸ்பிரிங்கைச் சொன்னாலும் அது எப்படிக் கொல்லும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். ஷட்டருக்கு இரண்டு ஸ்பிரிங் இருந்தால், ஒன்று உடைந்தாலும் இரண்டையும் மாற்றுவார். ஒன்று போதுமே என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "ரெண்டும் ஒண்ணா வேலைக்கு வந்தது. ஒண்ணு செத்துட்டா இன்னொண்ணு எத்தனை நாளைக்கு?" என்பார்.

ஒருமுறை நான் கேட்டேன். "மாமா, அன்னிக்கு அந்த ஜவுளிக்கடை ஆளை விலகுன்னு கத்தியிருக்கலாம்ல? எதுக்கு அடிச்சீங்க?"

துடைப்பதை நிறுத்தினார். "திருச்சியில என்கூட ஒருத்தன் வேலை பாத்தான். மலையாளத்தான். நல்லாப் பாடுவான். கம்பி நழுவுதுன்னு தெரிஞ்சதும் அவன் பேரைச் சொல்லிக் கத்துனேன். பேரைக் கேட்டதும் என்னன்னு திரும்பிப் பாத்தான். திரும்பாம இருந்தா தோள்லதான் பட்டிருக்கும்." துணியை மறுபடி எடுத்துக்கொண்டு, "அதுலேருந்து நான் கத்துறதில்ல" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த லீவிலேயேதான் அக்காவின் வலது கண் வீங்கி மூடியிருந்ததையும் பார்த்தேன். குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். நான் அவருக்குப் பரிந்துகொண்டு திருச்சிக் கதையைச் சொன்னேன். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள்:

"எனக்கும் சொல்லியிருக்காரு. அடுப்படியில எந்த ஸ்பிரிங் அறுந்துச்சுன்னு அவரைக் கேட்டுச் சொல்லு."

அவரைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடவும் எனக்கு வரவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியார் எங்கள் தெருப் பெண்களை மட்டும் கூட்டிப் பெருக்கச் சொல்வார். நான் அழுததைக் கேட்டு, பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து வகுப்பு வாசலில் நின்றார். இடது கையைத் தொங்கவிட்டு வாத்தியாரைப் பார்த்தபடி ஒரு பீரியடு முழுவதும் நின்றார். மறுநாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துப் பெருக்கினோம். அக்காவை அடித்த மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் எடுத்து வைப்பார், பாத்திரம் கழுவுவார். மன்னிப்புக் கேட்க மாட்டார். "எனக்குக் கை முந்திடுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் டெல்டா முழுக்கக் கூலிச் சண்டை. மேடைக்கு மேடை உழுபவனுக்கே நிலம் என்று பேசி ஆட்சிக்கு வந்தவர்கள் இருந்தார்கள். சட்டமும் போட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் ஊர் மிராசுதாரின் நிலம் அவர் பெயரிலும், மாமனார் பெயரிலும், இல்லாத கோயில்களின் பெயரிலுமாக அப்படியே கிடந்தது. குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். வெளியூர் ஆட்களை வைத்து அறுக்கப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் கொடியோடு வயலில் இறங்கினார்கள். பக்கத்து ஊரில் இரண்டு பேரை வெட்டி வாய்க்காலில் போட்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு பகல், பட்டுக்கோட்டை கடைத்தெருவில் ஒரு பழைய ஸ்பிரிங் தானாக உடைந்தது. பெரிய ஸ்பிரிங் உடைந்தால் வேட்டுப் போட்ட மாதிரி இருக்கும். தெருவே சிதறி ஓடியது. போலீஸ்காரர்கள் ஜீப்பில் வந்து, அதை மாற்றப் போய் உடைந்த ஸ்பிரிங்கோடு ஏணியில் நின்ற மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்ச் சம்பந்தம் தெரிந்ததும் நாட்டுவெடிகுண்டு எங்கே என்று கேட்டு அடித்தார்கள். கடைக்காரர்கள் போய்ச் சொல்லி விடுவித்தபோது நடக்க முடியாமல் வந்தார். முதுகில் லத்தித் தடம் வரிவரியாக இருந்தது. அக்கா வெந்நீர் வைத்து ஒற்றடம் கொடுக்கப் போனாள். துணி சுட்டுவிட்டது. திரும்பி அவளை அறைந்தார். அவள் தலை நிலைக்கதவில் மோதி ரத்தம் வந்தது. நான் அந்த அறையில்தான் இருந்தேன். எழுந்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரிந்து அதுவரை அவர் திருப்பி அடிக்காத ஒரே ஆட்கள் போலீஸ்காரர்கள்தான்.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் ஊர் ரோட்டோரத்தில் இருந்த நெல் குடோனுக்கு வேலையாக வந்தார். அது வெளியூர் வியாபாரி ஒருவருடையது. புது நெல் இன்னும் வராததால் காலியாகக் கிடந்தது. ஷட்டர் ஸ்பிரிங் போய்விட்டிருந்தது. அக்காவும் எங்களைப் பார்க்க அவரோடு வந்திருந்தாள். காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு நானும் அவளும் வயலுக்குப் போனோம். எங்கள் ஆட்கள் அன்றைக்கு மிராசுதார் நிலத்தில் அறுக்க இறங்கியிருந்தார்கள்.

உச்சிவெயில். இரண்டு டிராக்டர்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். யாரும் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஞாபகம். அரிவாளும் வேல்கம்புமாக வரப்பில் இறங்கி நேராக வெட்டத் தொடங்கினார்கள். முதலில் விழுந்தது எங்கள் எதிர்வீட்டுப் பெரியப்பா. கையில் பிடித்திருந்த கதிரோடு மடங்கி விழுந்தார். நாங்கள் ஓடினோம். தெருவுக்குப் போகிற வழியை இன்னொரு கூட்டம் மறித்திருந்தது. இருந்த ஒரே கல்கட்டடம் அந்தக் குடோன்.

மாமா பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி வெளியே போட்டுவிட்டிருந்தார். புதியது தரையில் கிடந்தது. ஷட்டர் மேலே சுருண்டிருக்க, அதன் அடிச்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். ஓடிவருகிற எங்களையும் பின்னால் வந்த அரிவாள்களையும் பார்த்ததும் ஏணியிலிருந்து குதித்தார்.

"உள்ள போ! நடுவுல நிக்காத, போ!"

தயங்கி நின்றவர்களைத் தலைமயிரைப் பிடித்து உள்ளே எறிந்தார். பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களுமாக நாற்பது பேருக்கு மேல். அப்பா மட்டும் வரவில்லை. பெரியப்பாவைத் தூக்கப் போய்ப் பின்தங்கிவிட்டார். ரோட்டில் ஓடிவந்துகொண்டிருந்தார். அவருக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் இருபது அடிகூட இல்லை.

"எறக்குங்க! எறக்கிருங்க!" என்று உள்ளே எல்லோரும் அலறினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஒரு ஆளுக்காக நாங்க எல்லாரும் சாகணுமா?" என்று மாமாவின் முதுகில் குத்தினாள்.

மாமா ஒரு காலை முட்டுக்கட்டையின் மேல் வைத்தபடி நின்றார். "இரு, வராரு" என்றார். அப்பா வாசலுக்குள் விழுந்த கணத்தில் கட்டையை உதைத்தார். ஓடி மற்றதையும் உதைத்தார். நாலு மூட்டை எடை இரும்பு ஓலமிட்டுக்கொண்டு இறங்கியது. ஆனால் இரண்டாவது கட்டை சாய்ந்து அடியில் மாட்டிக்கொண்டது. ஷட்டர் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்டது. அந்தச் சந்தில் கால்கள் தெரிந்தன.

மாமா குப்புற விழுந்து வலது கையை விட்டுக் கட்டையை உருவினார். கட்டை வந்துவிட்டது. ஷட்டர் அவர் கை மேல் விழுந்தது.

மணிக்கட்டு உள்ளே, விரல்கள் வெளியே.

நாங்கள் நாலைந்து பேர் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கப் பார்த்தோம். இடது கையால் எங்களை விளாசினார். "தொடாதீங்கடி! ஸ்பிரிங் இல்ல. அவனுங்க பத்துப் பேர் சேந்தாத்தான் தூக்க முடியும், நீங்களும் தூக்கிக் குடுக்காதீங்க! ஏறி நில்லுங்க! சட்டத்து மேல ஏறி நில்லுங்க!"

அவர் கை நசுங்கிக்கொண்டிருந்த சட்டத்தின் மேல் நாங்கள் ஏறி நின்றோம். நானும் நின்றேன். அக்கா மட்டும் நிற்கவில்லை. அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் கத்தாமல் இருக்கத் தன் முந்தானையை அவர் வாயில் திணித்தாள். வெளியே தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. கடப்பாரை விட இடம் தேடியவன் ஒருவன் விரல்களைப் பார்த்துவிட்டான்.

"டேய், கை ஒண்ணு கெடக்குடா!"

இரண்டு வெட்டு. இரண்டாவது வெட்டில் ஷட்டர் முழுசாகத் தரையில் உட்கார்ந்தது. இம்மிகூட இடைவெளி இல்லை. அவர்களே அடைத்துக் கொடுத்தார்கள்.

அக்கா சேலையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். மேலே காற்றுப்போக்கி வழியாக எரிகிற வைக்கோலை எறிந்தார்கள். கிழவர்கள் தண்ணீர் இல்லாததால் வெறும் சாக்கால் அடித்து அடித்து அணைத்தார்கள். புகையில் பிள்ளைகள் வாந்தி எடுத்தன. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடைசியில் போலீஸ் வேன் வந்தது. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சேர்ந்து தூக்கியபோதுதான் அந்த ஷட்டர் ஏறியது. வயலில் மூன்று பேர் கிடந்தார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அக்காவோடு ஒரு மாதம் நானும் அங்கே இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்சம்மாவைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் அந்தப் படிப்புக்குப் போனேன்.

எங்கள் தெரு அவரைக் கொண்டாடியது. எந்த வீட்டுக் கல்யாணத்திலும் முதல் இலை அவருக்கு. கட்சிக்காரர் ஒருவர் மேடையில் சால்வை போர்த்தினார். அவர் முதுகில் குத்திய அம்மா காலில் விழுந்து அழுதாள். மாமா கூச்சத்தோடு, "எழுந்திருங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னார். உண்மையிலேயே அதில் அவருக்குப் பெருமை இருந்ததாகத் தெரியவில்லை.

வேலைதான் போய்விட்டது. ஒற்றைக் கையால் ஸ்பிரிங் முறுக்க முடியாது. பிறகு அக்கா ஏணியில் ஏறினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். அவர் கீழே நின்று சுற்றுகளை எண்ணினார். குழாயில் சுண்ணாம்புக்கோடு போட்டு, ஒரு கம்பி பிடித்து நிற்கும்போதே மறு கம்பியைச் செருகி, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றினாள். வலப்பக்கம் சுற்றிய சுருளுக்கும் இடப்பக்கம் சுற்றிய சுருளுக்கும் வித்தியாசம் தெரிந்தது அவளுக்கு. மாற்றிப் போட்டால் முறுக்கு ஏறாமல் அவிழும். ஆறே மாதத்தில் பட்டுக்கோட்டைக் கடைக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

அவர் இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் உடம்பில் அது தெரிந்தது. அவள் ஒருமுறை ஊருக்கு வந்து சொன்னபோது தெருவே ஒரே குரலில் பேசியது. "நாப்பது உசுரைக் காப்பாத்துன மனுசன். கையைக் குடுத்தவரு. ரெண்டு அடி வாங்கிக்கிட்டா என்ன?" அப்பா அவளைத் திரும்பப் பஸ் ஏற்றிவிட்டார்.

கடைசியாக அவர் அவள் மேல் கை ஓங்கியது பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டியில். அக்கா ஏணியில் இருந்தாள். ஏழு சுற்று ஏறியிருந்தது. மண்டிக்காரர் அவளிடம் ஏதோ கேட்க, அவள் மாமாவைக் கேட்காமல் தானே பதில் சொல்லிவிட்டாள். அதற்கு அவர் ஏணியைப் பிடித்து உலுக்கி, எதிரே வந்து நின்று கையை ஓங்கினார். அவள் கையில் கம்பி. கம்பிக்கு நேராக அவர் முகம். விட்டால் போதும்.

இதை அக்காவே என்னிடம் சொன்னாள். "விட்டுடலாம்னு தோணுச்சுடி. கைதவறிப் போச்சுன்னு ஊரே நம்பும். ஒரு நிமிசம் அவரு மூஞ்சியையே பாத்தேன். அவருக்கும் அது தெரிஞ்சுபோச்சு. அவரு நகரல. நகராம நின்னாரு."

அக்கா கம்பியை விடவில்லை. குழாயைப் பிடித்து நிறுத்தும் பூட்டாணியைப் போட்டு இறுக்கினாள். மிச்ச வேலையை முடித்தாள். ஷட்டரை இரண்டு முறை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு, பஸ் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அப்பா வழக்கம்போலத் தொடங்கினார். "நான் உசுரோட உக்காந்திருக்கிறதே அவராலதாம்மா."

"தெரியும்ப்பா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு நான் இன்னும் எத்தனை வருசம் அடி வாங்கணும்? அதை மட்டும் சொல்லுங்க. அத்தனை வருசம் இருந்துட்டு வரேன்."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் பட்டுக்கோட்டைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

மாமா வாசல் நடையில்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டார்.

"அவ பொட்டியை எடுத்துட்டுப் போக வந்தேன் மாப்ள."

"அனுப்ப மாட்டீங்களா?"

"மாட்டேன்."

சொல்லிவிட்டு அப்பா செருப்பைக் கழற்றினார். வாசலில், தெரு பார்க்க, நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார். மருமகன் காலில் மாமனார் விழக் கூடாது. மாமா பதறிக் குனிந்து, கட்டைவிரல் மட்டும் இருந்த கையால் அவரைத் தூக்கப் பார்த்தார். பிடிக்க முடியவில்லை. அப்பா தாமாகவே எழுந்தார். எழுந்து உள்ளே போய் அக்காவின் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை மாமா எங்கள் பின்னாலேயே வந்தார். பஸ் புறப்படும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "புள்ள, அவகிட்ட ஒண்ணு கேளு" என்றார்.

"என்ன கேக்கணும் மாமா?"

"அன்னிக்குக் கம்பியை ஏன் விடலைன்னு கேளு."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டேன்.

"விட்டிருந்தா, நானும் அவரு மாதிரி ஆயிருப்பேன்னு சொல்லு" என்றாள். பிறகு, "வேணாம், சொல்லாத" என்றாள்.

நான் இன்றுவரை சொல்லவில்லை.